ஐந்தாம் மெட்டு

பல் கட்டுகிற இடத்துக்குக்
கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தவள்
அனிட்டா கொரேரா ஒருத்திதான்.
வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை,
இரண்டாம் மாடி, செருப்பை வெளியே விடவும்.

இடது கையை நீட்டினாள்.
சுட்டுவிரல் ஓரம் முழுக்கக் கீறல்.
பூனையா என்றேன். மெட்டு என்றாள்.
பாட்டு மெட்டு இப்படிக் கீறுமா?
இது கம்பி மெட்டு, பாருங்கள்.

ஹோட்டல் வரவேற்பறையில் கிழமைக்கு ஐந்து இரவு.
உள்ளே ஏசி. பலகை வற்றி ஒடுங்கும்.
பதினொன்றரைக்கு ஓட்டோவில் ஏறினால்
காலி வீதி நெடுக உப்புக்காற்று,
பலகை குடித்து ஊதும்.
ஒடுங்கி ஊதி, ஒடுங்கி ஊதி
காடியை விட்டுக் கிளம்பிய கம்பிகள்
ஓரத்தில் நுனி நீட்டி நிற்கின்றன.

எனக்கு விளங்கியது.
முரசு கரைந்தால் பல் ஆடும்.
இருபது வருடம் அதில்தானே சோறு.
கிற்றாருக்கும் முரசு உண்டென்று
யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீணை மெட்டு மெழுகில் நிற்கும்;
பிசகினால் உருக்கி நகர்த்தலாம்.
இதற்கு அந்த மன்னிப்பு இல்லை.
இது சுப்பர் குளூ.

சூட்டுக்கோல் வைத்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
பிடுங்குவது டாக்டரின் வேலை,
நான் கட்டுகிறவன் மட்டும்.
இன்றைக்கு இரண்டும் நானே.
காடிக்குள் பழைய பசை, வியர்வை உப்பு,
எந்தக் கலியாண வீட்டிலிருந்தோ
கேக் துணுக்குப் போல ஒன்று.
கொக்கியால் சுரண்டி எடுத்தேன்.
காடியின் இருபுறமும் மெழுகு தடவினேன்,
பசை வழிந்தால் கறை ஏறாமல்.
ஒரு சொட்டு. கம்பி. சுத்தியல், மெல்ல.
கட்டை வைத்து அழுத்தி
முப்பது எண்ணு.
ஒரு சொட்டு.

மொத்தம் இருபது.
பன்னிரண்டாவது, தந்தியின் சரிபாதியாம்.
நம்பாமல் அளந்தேன், உண்மைதான்.
அதற்கப்பால் நெருங்கி நெருங்கிப் போகிறது,
மாலை நேர பஸ்ஸில்
மேல் கம்பியைப் பிடித்த கைகள் மாதிரி.

கடைசியிலிருந்து தொடங்கி இறங்கி வந்தேன்.
ஐந்தில் போன் அடித்தது.
"அண்ணா, இன்னைக்கு ராத்திரியே வேணும்,
மத்த கிற்றார் கழுத்து முறிஞ்சு போச்சு."
ஆறு மணிக்கு வா என்றேன்.
சொல்லி முடிக்கையில்
நடுவிரல் மெட்டோடு ஒட்டியிருந்தது.

அசிற்றோன் அலுமாரியில்.
கிற்றார் மேசையோடு இறுக்கியபடி.
நான் கிற்றாரோடு.
இடையில் நாலடி.
கத்தினால் கீழ்வீட்டு பெர்னதெத் மிஸ் வருவா;
அவ வந்தால் ஒழுங்கையே வரும்.
இருந்தேன்.

நாலு பத்துக்குப் பாணந்துறை ரயில்.
அச்சுக்குக் கலக்கிய சாந்து நடுங்குகிற நேரம்,
கையை எடுத்துக்கொண்டு
அது போகட்டும் என்று பார்த்திருக்கும் நேரம்.
இன்றைக்கு எடுக்க முடியவில்லை.
ஒரு தந்தியும் இல்லாத கிற்றார்
வயிற்றுக்குள்ளிருந்து முனகிற்று.
விரல் நுனியில் ஏறி
முழங்கை வரை வந்தது,
காதுக்கு வரவில்லை.
நான் வாசித்த சுரம் அது ஒன்றுதான்.
அதன் பெயரை யாரிடமும் கேட்கவில்லை.

ஏசி இல்லாத அறை நல்லது.
வியர்வை மெல்ல இளக்கிற்று.
கொஞ்சம் தோல் போனது.
மிச்சம் நாலையும் ஒட்டி
நுனிகளை அரத்தால் மழித்தேன்,
பொய்ப்பல்லுக்கு மழிப்பது போலவே,
நாக்கு தடவிப் பார்க்கும் என்ற பயத்தோடு.

ஆறுக்கு வந்தாள்.
ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள்,
கீறவில்லை.
தந்தி பூட்டி ஒவ்வொன்றாய் அழுத்திக்கொண்டு போனவள்
ஐந்தில் நின்றாள். மறுபடி அழுத்தினாள்.
"இது மட்டும் கொஞ்சம் மெத்தென்று..."

மெட்டுக்கடியில் என் தோல் இருக்கிறதென்று
எப்படிச் சொல்வது?
பத்தொன்பதுக்குத்தான் கூலி வாங்கினேன்.